கொள்ளேகால் மணியை எந்தப் பிரிவில் வைப்பது

நான் கடைசியாக வேலை பார்த்த நிறுவனத்தில் போன மாதம் ஒரு மாற்றம் செய்தார்கள். வாசகர்கள் எழுதி அனுப்புவதைப் பிரிவு பிரித்து அடுக்கும் வேலையை இனிமேல் மனிதர்கள் பார்க்க வேண்டாம், இயந்திரமே பார்த்துக்கொள்ளும் என்று முடிவாகிவிட்டது. அங்கே இன்னும் இருக்கிற பெண்கள் இரண்டு பேர் தொலைபேசியில் கூப்பிட்டு, "மேடம், ஆரம்பத்துல நீங்க இதை எப்படிப் பண்ணீங்க? எழுதிக் குடுங்க, நாங்க வெச்சுக்கறோம்" என்றார்கள். வீடு எரிந்த பிறகு கிணறு வெட்டுகிற கதைதான். இருந்தாலும் எனக்கும் பொழுது போக வேண்டுமே. அவர்கள் கேட்டது வேலை செய்யும் முறையை. நான் எழுதப்போவதில் பாதி, அந்த வேலையில் நான் செய்த ஒரு தவறைப் பற்றி.

என் பெயர் ஃபிலோமினா. மைசூரில் பிறந்து, இங்கேயே படித்து, இங்கேயே தலை நரைத்தவள். அப்பாவின் அப்பா சேலம் பக்கமிருந்து பிழைக்க வந்தவர். வீட்டில் தமிழ், பள்ளியிலும் தெருவிலும் கன்னடம். படிப்பு முடிந்து பதின்மூன்று வருடம் ஒரு பத்திரிகை அலுவலகத்தின் ஆவண அறையில் கத்தரிக்கோலும் பசையுமாக இருந்தேன். செய்திகளை வெட்டி, பொருள்வாரியாக உறைகளில் போட்டு வைப்பது வேலை. அந்தப் பதின்மூன்று வருடத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. மூக்கில் தூசி ஏறியது, எந்தச் செய்தி எந்த உறையில் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்கிற பழக்கம் வந்தது. அந்தப் பழக்கத்தை நம்பித்தான் 1998இல் என்னைப் புது வேலைக்கு எடுத்தார்கள். எனக்கு அப்போது முப்பத்தெட்டு வயது.

இணையம் என்பது அன்றைக்கு மைசூரில் பலரும் காதால் மட்டும் கேட்டிருந்த சமாச்சாரம். சரஸ்வதிபுரத்தில் ஒரு வீட்டு மாடியில் இருந்த சிறு நிறுவனம், இந்திய அரசியலை விவாதிப்பதற்கென்றே ஒரு தளம் நடத்தியது. அமெரிக்காவிலும் வளைகுடாவிலும் இருக்கிற நம்மவர்கள், பெங்களூர் கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர்கள், பிரவுசிங் சென்டரில் மணிக்கணக்கில் உட்காருகிறவர்கள் என்று பலதரப்பட்டவர்கள் எழுதுவார்கள். ஒருவர் ஒரு விஷயத்தைத் தொடங்குவார், மற்றவர்கள் அதன் கீழே வரிசையாகப் பதில் எழுதுவார்கள். பெரும்பாலும் ஆங்கிலம். கோபம் வந்துவிட்டால் அவரவர் தாய்மொழி, ஆங்கில எழுத்தில். எல்லாம் ஒரே குவியலாகக் கிடந்தால் யாரும் எதையும் தேடி எடுக்க முடியாது என்பதால், அதைப் பிரிவுகளாக அடுக்கும் வேலை எனக்கும் எனக்கு மேலே இருந்த சுமா மேடத்துக்கும்.

சுமா என்னைவிட ஏழு வயது இளையவர். நூலகவியல் படித்துவிட்டு அமெரிக்காவில் கொஞ்ச காலம் வேலை செய்து திரும்பியிருந்தார். அவர் என்னை "ஃபிலோ மேடம்" என்பார், நான் அவரை "மேடம்" என்பேன். அலுவலகத்தில் மேடத்துக்குப் பஞ்சமில்லை. அவர் உட்கார்ந்து நான் பார்த்த நாட்கள் குறைவு. மேசை ஓரமாக நின்றுகொண்டு, பென்சிலின் பின்பக்கத்தால் மேசையைத் தட்டிக்கொண்டே பேசுவார். கோபம் வந்தால் தட்டுவது நின்றுவிடும். தட்டும் சத்தம் கேட்கிறவரை நாங்கள் நிம்மதியாக இருப்போம்.

காலை ஒன்பதரைக்கு முந்தைய நாள் வந்ததெல்லாம் அச்சாகும். தொலைபேசிக் கம்பி வழியாகத்தான் இணைப்பு. நடுவில் யாராவது போன் செய்தால் அறுந்துபோகும், மறுபடி முதலிலிருந்து. அதனால் திரையில் வைத்து நிதானமாகப் படிக்க வழியில்லை. ஓரங்களில் துளையிட்ட நீளக் காகிதம் தெருவுக்கே கேட்கிற சத்தத்தோடு வெளியே வரும். அதைக் கிழித்து, ஒரு கடிதத்துக்கு ஒரு தாள் என்று பிரிப்போம். தளத்தில் எழுதுவதை நாங்கள் கடிதம் என்றுதான் சொல்வோம்.

பிரித்த பிறகு முக்கியமான ஒரு வேலை உண்டு. தாளின் மேல் ஓரத்தைப் பின்பக்கமாக மடித்து கிளிப் போட வேண்டும். எழுதியவரின் பெயர் அங்கேதான் அச்சாகியிருக்கும். பிரிவு எண் போட்டு முடிக்கிறவரை, பிறகு எண்ணை மாற்றுவதென்றாலும், அந்த மடிப்பைப் பிரிக்கக் கூடாது. சுமாவின் சட்டம் அது. "பெயரைப் பார்த்தால் ஜாதி தெரியும், மதம் தெரியும், ஊர் தெரியும். தெரிந்த பிறகு நம்மால் கடிதத்தைப் படிக்க முடியாது, ஆளைத்தான் படிப்போம்" என்று முதல் நாளே சொன்னார். அவர் பேசுவது கன்னடமும் ஆங்கிலமும் கலந்து. நான் தமிழில் எழுதுகிறேன்.

முதல் முறை படிக்கும்போது பென்சிலைத் தொடக் கூடாது. இரண்டாம் முறை படிக்கும்போது, எழுதியவர் எதற்கு என்ன செய்யச் சொல்கிறார் என்கிற வரியைக் கண்டுபிடித்து அடிக்கோடிட வேண்டும். அந்த வரிதான் கடிதத்தின் இடத்தைச் சொல்லும். அந்த வருடம் வெங்காய விலை எல்லோர் கண்ணையும் கசக்கியது. வந்த கடிதங்களையெல்லாம் நான் விவசாயத்தில் போட்டு வைத்தேன். சுமா ஒவ்வொன்றாக எடுத்தார். "இவர் ஏற்றுமதியை நிறுத்தச் சொல்கிறார், வணிகம். இவர் இந்த ஆட்சியை அனுப்பச் சொல்கிறார், தேர்தல். இந்த அம்மாள் எதையும் செய்யச் சொல்லவில்லை, அழுகிறார். அவரை அப்படியே விடுங்கள், நாளை திரும்பவும் எழுதுவார்" என்றார். மறுநாள் அந்த அம்மாள் திரும்பவும் எழுதினார், ரேஷன் கடையில் வெங்காயம் போடச் சொல்லி.

ஒவ்வொரு பிரிவுக்கும் மூன்று வரியில் ஒரு குறிப்பு எழுதித் தளத்தில் போட வேண்டும். இங்கே என்ன வரும், என்ன வராது, வராதது எங்கே போகும். மூன்றாவது வரியை எழுத முடியாவிட்டால் அந்தப் பிரிவையே சுமா அடித்துவிடுவார். "ஆளுங்கட்சி" என்று நான் ஒரு பிரிவு வைத்தேன். "பெயர்ப்பலகை எழுதி முடிப்பதற்குள் ஆட்சி கவிழ்ந்துவிடும், வேறு பெயர் வையுங்கள்" என்றார். அந்தக் காலத்தில் அது வேடிக்கைப் பேச்சு இல்லை. "இதர" என்ற பிரிவைக் கண்டால் அவருக்கு ஆகாது. அதில் பத்துக் கடிதம் சேர்ந்தால் நாங்கள் இரண்டு பேரும் வேலையே செய்யவில்லை என்று பொருளாம். அதேபோல் ஐந்து கடிதமாவது சேராமல் புதுப் பிரிவு தொடங்கவும் விடமாட்டார்.

எண்களும் அவர் வகுத்ததுதான். நான்கு என்றால் மாநிலங்கள். 4.11 கர்நாடகம், 4.22 தமிழ்நாடு. கடைசியில் 3 வந்தால் தண்ணீர். ஆக 4.11.3 கர்நாடகத்தின் தண்ணீர், 4.22.3 தமிழ்நாட்டின் தண்ணீர். காவிரி பற்றிய கடிதங்களை முதலில் ஒரே இடத்தில்தான் வைத்திருந்தார்கள். அது குஸ்தி மைதானமாகிவிட்டதால் இரண்டாகப் பிரித்தார்கள், இரண்டும் என் பொறுப்பு. தண்ணீரைத் திறக்கச் சொன்னால் அங்கே, திறக்காதே என்றால் இங்கே. அதன்பின் இரண்டு பக்கமும் சண்டை குறைந்தது, அவரவர் பக்கத்தில் அவரவர் சொல்வதற்கு அவரவரே தலையாட்டிக்கொண்டிருந்தார்கள்.

இந்த இடத்தில் என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அந்த அலுவலகத்தில் பதினோரு பேர். நான் தமிழ் என்பது யாருக்கும் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஃபிலோமினா என்ற பெயருக்கு மொழி கிடையாது. மங்களூர்க் கொங்கணியாக இருக்கலாம், கோலார்க் கன்னடமாக இருக்கலாம். அப்பாவின் பெயர் ஆரோக்கியசாமி. அதை எழுதினால் தெரிந்துவிடும். அதனால் கையெழுத்தில் எப்போதும் 'ஏ' என்ற ஒற்றை எழுத்தோடு நிறுத்திக்கொள்வேன்.

தொண்ணூற்றொன்றில் காவிரிக் கலவரம் வந்தபோது நாங்கள் தேவராஜ மொஹல்லாவில் ஒரு கடைக்கு மேல் மாடியில் குடியிருந்தோம், நானும் அம்மாவும். அப்பா இறந்து வெகுநாள் ஆகியிருந்தது. தம்பி கோயம்புத்தூரில். வீட்டுச் சொந்தக்காரர் நல்ல மனிதர். மேலே ஏறி வந்து, சுவரில் மாட்டியிருந்த தமிழ்க் காலண்டரைத் தானே கழற்றி என் கையில் கொடுத்து, "கொஞ்ச நாளைக்கு வெளியே தமிழ் வேண்டாம்மா" என்றார். அக்கறையோடுதான் சொன்னார். எங்களுக்கு ஒரு ஆபத்தும் வரவில்லை. ஆனால் அந்தக் கொஞ்ச நாள் முடிந்துவிட்டது என்று யாரும் வந்து சொல்லவில்லை. பஸ்ஸில் அம்மா தமிழில் ஏதாவது கேட்டால் நான் கன்னடத்தில் பதில் சொல்வேன். ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பூசையை விட்டுவிட்டுக் கன்னடப் பூசைக்குப் போகத் தொடங்கினேன். தொண்ணூற்றாறில் அம்மாவும் போய்ச் சேர்ந்தார். அதன்பின் தமிழில் பேச எனக்கு ஆள் இல்லை. தம்பி மாதத்துக்கு ஒருமுறை வேலை செய்கிற இடத்துக்குப் போன் செய்வான், குரலைத் தாழ்த்தி மூன்று நிமிடம் பேசுவேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது பெரிய காரியமில்லை. மறைத்தபின் அந்தச் சோற்றைத் தினமும் தனியாக உட்கார்ந்து சாப்பிட வேண்டும், அதுதான் கஷ்டம்.

கொள்ளேகால் மணி என்ற பெயரில் ஒருவர் எழுத ஆரம்பித்தது 1999இன் நடுவில். அந்தப் பெயரை நான் முதலில் பார்க்கவில்லை, மடிப்புக்குள் இருந்தது. கடிதத்தை மட்டும்தான் பார்த்தேன். கன்னடமும் ஆங்கிலமும் கலந்த நேரான எழுத்து. கொள்ளேகால் தாலுகாவில் கால்வாயின் கடைமடையில் அப்பாவுக்கு நிலம் இருக்கிறது, மேலே இருக்கிறவர்களின் வயல் நிறைந்து மிச்சமிருந்தால்தான் கீழே வரும், மூன்று வருடமாக நெல் வைக்கவில்லை, கேழ்வரகுதான். கால்வாயைத் தூர் வார வேண்டும், முறை வைத்துத் தண்ணீர் விட வேண்டும். நான் அடிக்கோடிட்டது அந்தக் கடைசி வரியை. கர்நாடக அரசு செய்ய வேண்டிய வேலை. 4.11.3 என்று எண் போட்டேன். அதில் எனக்கு ஒரு நொடிகூடத் தயக்கம் வரவில்லை.

சனிக்கிழமைகளில் மட்டும்தான் அவர் எழுதுவார். நஞ்சன்கூட்டில் ஒரு தொழிற்சாலையில் வேலை, சனிக்கிழமை அரை நாள், மத்தியானம் பஸ் பிடித்து மைசூர் வந்து பிரவுசிங் சென்டரில் உட்காருகிறேன் என்று அவரே ஒரு கடிதத்தில் சொல்லியிருந்தார். நாலைந்து வாரம் நல்லபடியாகப் போனது. மற்ற விவசாயி வீட்டுப் பிள்ளைகளும் அவர் கடிதத்துக்குக் கீழே தங்கள் ஊர்க் கால்வாயைப் பற்றி எழுதினார்கள். ஒரு வாரம் அவர் இப்படி எழுதினார்: "ஆறு நம்முடையதா அவர்களுடையதா என்று சண்டை போடுகிறீர்கள். எங்கள் வயலுக்கு இரண்டு பேருடையதும் வரவில்லை." அவ்வளவுதான். 'இரண்டு பேருடையதும்' என்று வெளியே நின்று எப்படிச் சொல்கிறாய், உன் வீட்டில் என்ன மொழி என்று ஒருவர் கேட்டார். மணி பொய் சொல்லத் தெரியாதவர். வீட்டில் தமிழ் என்று எழுதிவிட்டார்.

அதன்பின் தூர் வாருவதைப் பற்றி யாரும் பேசவில்லை. உன் பக்கத்துக்குப் போ என்றார்கள். அடுத்த திங்கட்கிழமை அலுவலகத்துக்கு ஒரு புகார் வந்தது. ஆங்கிலத்தில் இருந்த அதன் கடைசி வரி இன்னும் நினைவிருக்கிறது. கர்நாடகத்தின் பிரிவில் இவனை உட்கார வைத்துப் பாதுகாக்கிற தமிழர் உங்கள் அலுவலகத்தில் யார் என்று கேட்டிருந்தார்.

எழுதியவருக்கு என்னைத் தெரியாது, வாய்க்கு வந்ததை எழுதியிருந்தார். ஆனால் அந்தத் தாள் சுமாவின் மேசைக்குப் போகும், பதினோரு பேரும் பார்ப்பார்கள், யார் அந்தத் தமிழர் என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். எனக்கு அது மட்டும்தான் தோன்றியது. கோப்பிலிருந்து மணியின் தாளை எடுத்தேன். மேல் ஓரத்து மடிப்பைப் பிரித்துப் பெயரைப் பார்த்தேன். ரப்பரால் 4.11.3ஐ அழித்துவிட்டு 4.22.3 என்று எழுதினேன். அன்று மதியத்துக்குள் கொள்ளேகால் மணி தமிழ்நாட்டுக்குப் போய்விட்டார். புகார்த் தாளின் மேல் "சரிசெய்யப்பட்டது" என்று எழுதி சுமாவின் மேசையில் வைத்தேன். அவர் படித்தார். என்னைப் பார்த்தார். பென்சில் தட்டும் சத்தம் கேட்கவில்லை. தாளைக் கோப்பில் சொருகிவிட்டு அடுத்த வேலையைப் பார்த்தார்.

தமிழ்நாட்டுப் பிரிவில் இருந்தவர்கள் சும்மா இருப்பார்களா? கொள்ளேகாலில் உட்கார்ந்துகொண்டு கர்நாடகக் கால்வாய்க்குத் தண்ணீர் கேட்கிறவனுக்கு இங்கே என்ன வேலை என்றார்கள். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. அந்தச் சனிக்கிழமை மணி தளத்தில் எழுதவில்லை. அலுவலகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பினார். ஆங்கில எழுத்தில் தமிழ். கோபத்தில் தாய்மொழிக்கு வந்துவிட்டாரே தவிர, சொல்லில் கோபமில்லை.

"ஐயா, எனக்குப் பொறந்த ஊரு கொள்ளேகாலுங்க. ஓட்டு இங்க, ரேசன் கார்டு இங்க. எங்க தாத்தன் காலத்துல அது கோயமுத்தூர் ஜில்லாவுல இருந்துச்சுங்க, எல்லைக் கோட்டை மாத்திப் போட்டாங்க, நாங்க எடத்தை விட்டு நகரலீங்க. இப்ப நீங்க என்னையத் தூக்கி அந்தப் பக்கம் போட்டுட்டீங்க. அவங்க நீ எங்காளு இல்லேங்கறாங்க. நான் எங்கீங்க எழுதறது?"

படித்துவிட்டு, எல்லோருக்கும் அனுப்புகிற ஆங்கிலப் பதிலை அனுப்பினேன். தங்கள் கடிதம் விதிகளின்படி பொருத்தமான பிரிவுக்கு மாற்றப்பட்டுள்ளது, தங்கள் ஒத்துழைப்புக்கு நன்றி. கீழே கையெழுத்து: பிரிவு ஆசிரியர். பெயர் இல்லை.

அடுத்த சனிக்கிழமை அவர் நேரிலேயே வந்துவிட்டார். தளத்தின் அடியில் எங்கள் முகவரி இருந்தது. மத்தியானம் மூன்று மணி இருக்கும், சுமா வெளியே போயிருந்தார். வாசலில் ஒருவர் நிற்கிறார், பிரிவு பார்க்கிறவரைக் கேட்கிறார் என்று சொன்னார்கள். போனேன். முப்பத்தைந்து வயது மதிக்கலாம். தொழிற்சாலையின் நீலச் சட்டை. பையில் மடித்த தாள். செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு, அலுவலகத்துக்குள் வெறுங்காலோடு நின்றுகொண்டிருந்தார்.

அவர் சுத்தமான கன்னடத்தில் பேசினார், நானும் கன்னடத்தில். "என் லெட்டரை இடம் மாற்றியது யார் மேடம்?" என்றார்.

"நாங்கள்தான். விதி இருக்கிறது."

"நான் விதியைப் படித்தேன் மேடம். தண்ணீரைத் திறக்கச் சொன்னால் அந்தப் பக்கம் என்று போட்டிருக்கிறீர்கள். நான் அதைக் கேட்கவே இல்லையே. எங்கள் ஊர்க் கால்வாயில் மண்ணை அள்ளச் சொன்னேன். எங்கள் நிலம் கடைசியில், அதாவது இந்த..." என்று கன்னடச் சொல் கிடைக்காமல் தடுமாறி, "கடைமடை" என்று தமிழில் சொன்னார்.

என் தலை ஆடிவிட்டது. புரிகிறது என்று ஆடிவிட்டது. அவர் அதைப் பார்த்துவிட்டார். முகம் மாறியது. கூட்டத்தில் தெரிந்தவரைக் கண்டவர் போல ஒரு அடி முன்னால் வந்து, குரலைத் தாழ்த்தி, "தப்பா நெனச்சுக்காதீங்க, ஒங்குளுக்குத் தமிழ் வருமுங்களா?" என்றார்.

மூன்று வருடத்துக்குப் பிறகு என் முகத்தைப் பார்த்து ஒருவர் தமிழில் கேட்ட கேள்வி அது. எனக்குப் பின்னால் நான்கு மேசைகள், நான்கு பேர். நான், "இல்லா, தமிளு பரல்லா" என்றேன். தமிழ் வராது.

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்துவிட்டது என்பது எனக்கும் தெரிந்தது. சண்டை போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "பரவாயில்லை மேடம். உங்களுக்கு என்ன கஷ்டமோ" என்று கன்னடத்தில் சொல்லிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போனார். நஞ்சன்கூட்டிலிருந்து வந்தவருக்கு ஒரு டம்ளர் தண்ணீர்கூட நான் கொடுக்கவில்லை. தண்ணீர்ப் பிரிவுக்கு ஆசிரியர்!

அந்த ஞாயிற்றுக்கிழமை எந்தப் பூசைக்கும் போகவில்லை. சமைக்கவும் இல்லை. அவரைத் தமிழ்நாட்டில் கொண்டுபோய்ப் போட்டதைவிட, கஷ்டம் என்னுடையது என்று அவர் விட்டுக்கொடுத்துவிட்டுப் போனதுதான் என்னைத் தின்றது. எனக்கு வெட்கமாக இருந்தது, அதைவிட அழகாக அதைச் சொல்ல எனக்குத் தெரியாது.

திங்கட்கிழமை சுமாவிடம் போய் நின்றேன். மடிப்பைப் பிரித்ததைச் சொன்னேன். வந்தவரிடம் பொய் சொன்னதைச் சொன்னேன். கடைசியில், நான் தமிழ் என்பதைச் சொன்னேன்.

சுமா அன்றைக்கு உட்கார்ந்தார். "எனக்குத் தெரியும் ஃபிலோ மேடம். நீங்கள் வேலைக்குச் சேர்ந்த விண்ணப்பத்தில் அப்பா பெயர் முழுதாக இருக்கிறது. மற்றவர்களுக்கும் தெரியும். போனில் உங்கள் தம்பியோடு பேசுவீர்களே, நாங்கள் என்ன செவிடா?"

நானும் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"இந்தத் தண்ணீர்ப் பிரிவை உங்களிடம் கொடுத்தது எதற்கு? நான் பார்த்தால் இந்தப் பக்கத்தைத்தான் பார்ப்பேன், எனக்கே தெரியாமல். நடுவில் நிற்கிறவரை அடையாளம் தெரிந்தவர் ஒருவர் வேண்டும் என்று நினைத்தேன்." பென்சிலை மேசையில் வைத்துவிட்டு, "புகார்த் தாளைப் பார்த்த அன்றைக்கே உங்களைக் கேட்டிருக்க வேண்டும். நீங்களாகச் சொல்லட்டும் என்று விட்டுவிட்டேன். அது என் தப்பு" என்றார்.

எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. எட்டு வருடமாக ஒரு கதவைத் தோள் கொடுத்து அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தேன், அந்தப் பக்கத்திலிருந்து யாரும் தள்ளவே இல்லை. நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. அந்த எட்டு வருடத்தில் அம்மாவிடம் பஸ்ஸில் தமிழில் பேசாமல் விட்டதெல்லாம்தான் நினைவுக்கு வந்தது.

மணிக்கென்று ஒரு தனிப் பிரிவு தொடங்கலாமா, எல்லையோர ஊர்கள் என்று, எனக் கேட்டேன். "ஐந்து கடிதம் இருக்கிறதா?" என்றார். இல்லை, ஒருவர்தான். "அப்படியென்றால் வேண்டாம். ஒற்றை ஆளுக்கு ஒரு அறை கட்டிக் கொடுத்தால் அதுவும் விரட்டுவதுதான். அவர் கேட்டது கர்நாடகத்தில் ஒரு இடம், அது ஏற்கனவே இருக்கிறது." சரியான பேச்சு. தாளை எடுத்து, மேல் ஓரத்தை மறுபடி மடித்து, எண்ணை அழித்து, 4.11.3 என்று எழுதினேன். இரண்டு முறை ரப்பர் தேய்த்த இடத்தில் காகிதம் கிழிகிற அளவுக்கு மெலிந்திருந்தது.

அலுவலகத்தில் வேலை செய்கிறவர்கள் தளத்தில் எழுதக் கூடாது என்பது விதி. சுமாவிடம் அனுமதி கேட்டேன். "எழுதுங்கள். ஆனால் எண்ணை நீங்களே போட வேண்டும்" என்றார். மணியின் கடிதத்துக்குக் கீழே, ஆங்கில எழுத்தில், தமிழில் எழுதினேன்.

"மணி அவர்களுக்கு. உங்கள் கடிதத்தை இடம் மாற்றியது நான்தான். அது தவறு. திரும்பக் கொண்டுவந்து வைத்துவிட்டேன். அன்றைக்குத் தமிழ் வராது என்று சொன்னதும் நான்தான். எங்கள் வீட்டிலும் தமிழ்தான். நானும் இந்த ஊரில்தான் பிறந்தேன். ஆ. ஃபிலோமினா, ஆரோக்கியசாமியின் மகள், மைசூர்."

மடிப்புக்குள் பெயரை மறைக்க அவசியமில்லை, பெயர் கடிதத்திலேயே இருந்தது. வலது மூலையில் 4.11.3 என்று போட்டேன். எழுதும்போது பூகம்பம் வரும் என்று நினைத்தேன். இரண்டு பேர் திட்டினார்கள், ஒருவர் இதில் என்ன இருக்கிறது என்று கேட்டார். அத்தோடு சரி. அலுவலகத்தில் மதியச் சாப்பாட்டின்போது கணக்குப் பிரிவிலிருந்த கன்னடக்காரர் ஒருவர் தமிழ்ப் படத்து வசனம் ஒன்றைத் தப்பும் தவறுமாக என்னிடம் சொல்லிக் காட்டினார், அன்புக்காக. சிரித்தேன். தமிழ்ப் பூசைக்குத் திரும்பப் போனேன். என்னுடைய வரிசையில் இப்போது வேறு குடும்பம் உட்கார்ந்திருந்தது, எனக்குப் பின்வரிசையில் இடம் கிடைத்தது.

மணிக்கு மின்னஞ்சலும் அனுப்பினேன், இரண்டு முறை. பதில் இல்லை. சனிக்கிழமை சனிக்கிழமையாகக் காத்திருந்தேன். அவர் எழுதவில்லை. நஞ்சன்கூட்டுக்குப் போய்த் தேடலாம் என்று ஒருநாள் பஸ் நிலையம் வரைக்கும் போனேன். எந்தத் தொழிற்சாலை என்று தெரியாது, மணி என்பது முழுப் பெயரா என்றும் தெரியாது. திரும்பி வந்துவிட்டேன்.

நாளாக ஆகப் புதுக் கடிதங்கள் வந்து சேர்ந்து, அவருடையது கீழே கீழே போய்க் கடைசிப் பக்கத்துக்குப் போய்விட்டது. அங்கே யாரும் போவதில்லை. நான் மட்டும் திங்கட்கிழமை காலையில் வேலை தொடங்கும் முன் ஒருமுறை திறந்து பார்ப்பேன். ஒவ்வொரு கடிதத்துக்கும் பக்கத்தில் அதை எத்தனை முறை திறந்திருக்கிறார்கள் என்று ஒரு எண் இருக்கும். வாரத்துக்கு ஒன்று கூடும். அந்த ஒன்று நான்தான்.

தொண்ணூற்றொன்பது முடிகிற நேரம், ஒரு திங்கட்கிழமை திறந்தபோது இரண்டு கூடியிருந்தது. வழி தவறி யாராவது வந்திருப்பார்கள் என்று நினைத்தேன். சுமாவைக் கேட்டேன், தான் பார்க்கவில்லை என்றார். அடுத்த வாரமும் இரண்டு. அதற்கடுத்த வாரம் வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒருமுறை திறந்து எண்ணைக் குறித்து வைத்துக்கொண்டேன். சனிக்கிழமையை எங்களுக்கும் அப்போது அரை நாளாக்கியிருந்தார்கள். மத்தியானம் கிளம்பும்போது மறுபடி திறந்து பார்த்தேன், என்னுடைய ஒன்றுதான் கூடியிருந்தது. திங்கட்கிழமை காலையில், என்னுடையது போக, இன்னொன்று கூடியிருந்தது.

ஒன்றரை வருடம் கழித்துத் தளத்தையே மூடினார்கள். அதுவரைக்கும் அவர் ஒரு சொல்லும் எழுதவில்லை, நானும் அதற்குமேல் ஒன்றும் எழுதவில்லை. சனிக்கிழமை மத்தியானம் அவர் வந்து படித்துவிட்டுப் போவார். திங்கட்கிழமை காலையில் நான் வந்து, அவர் வந்து போனதைப் பார்த்துவிட்டு வேலையைத் தொடங்குவேன்.